பிரீமியர் பத்மினிக்கு எவர்சில்வர் பீடிங்: வாங்கிய செட்டும், வேலூரில் மாட்டிய விதமும்

என்னிடம் இருப்பது 1978-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. மாமனார் ஓட்டி, பிறகு எனக்கு வந்த வண்டி. அதன் பக்கவாட்டில் ஓடும் பீடிங் என்னும் பளபளப்பான பட்டைகளையும், முன் கண்ணாடியின் ரப்பருக்குள் செருகும் மினுக்குப் பட்டையையும், டிக்கியில் பதிக்கும் பெயரெழுத்தையும் சேர்த்து ஒரே செட்டாகச் சென்னையில் 6,800 ரூபாய்க்கு வாங்கி, வேலூர் சத்துவாச்சாரி பக்கம் இருக்கும் ஒரு டிங்கரிங் பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்து மாட்டி முடித்து இப்போது ஏழு மாதம் ஆகிறது. செட் சுமார், மாட்டிய கை நன்று. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பொருளின் குறையை வேலைக்காரர் மேலும், வேலைக்காரரின் குறையைப் பொருளின் மேலும் போட்டுவிடுவது மிகவும் எளிது.

முதலில் ஒரு பின்னணி. பத்மினியின் இன்ஜின், பிரேக், கிளட்ச் சாமான்களுக்கு நெடுங்காலம் பஞ்சம் இருந்ததில்லை. 1089 சிசி இன்ஜினோடு இதே வண்டி பம்பாயில் டாக்சியாக ஆயிரக்கணக்கில் ஓடியதும், கடைசி டாக்சி 2023 அக்டோபரில்தான் சாலையிலிருந்து விலகியதும் அதற்குக் காரணம். ஆனால் டாக்சிக்காரர் யாரும் பக்கப் பட்டை உதிர்ந்தால் புதிது தேடி அலையமாட்டார். பட்டை நின்ற ஓட்டையைப் பட்டி என்னும் பூச்சு மாவு வைத்து அடைத்து, கறுப்பும் மஞ்சளும் அடித்துக்கொண்டு போய்விடுவார். அதனால்தான் கார்புரேட்டர் சாமான் கிடைக்கும் இடத்தில் பீடிங் கிடைப்பதில்லை. இன்று கிடைப்பவை பெரும்பாலும் பழைய பட்டையைப் பார்த்துச் சிறிய பட்டறைகளில் மடித்து எடுத்தவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

என் வண்டியில் பட்டை இல்லாமல் போனதற்கும் அதே கதைதான். எப்போதோ பெயின்ட் அடித்தவர் பட்டைகளைக் கழற்றினார், திரும்ப மாட்டவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை, வேறொரு கடையில், அலுமினியப் பட்டைகளை இருபக்கம் ஒட்டும் டேப் வைத்து ஒட்டிக்கொடுத்தார்கள். ஓட்டை போட வேண்டியதில்லை, துரு வராது என்று அவர்கள் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. மார்கழியில் ஒட்டியது சித்திரை வரை நின்றது. கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், காட்பாடி மேம்பாலம் ஏறும்போது இடது முன்கதவின் பட்டை ஒரு முனையில் கழன்று, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. இறங்கிக் கையால் அழுத்தினேன். பசை, வெல்லப்பாகு போல விரலோடு நூல் நூலாக வந்தது. வீட்டுக்குப் போவதற்குள் கதவில் நகம் கீறியது போல ஏழெட்டுக் கோடுகள்.

டேப் மட்டும் குற்றவாளி அல்ல என்பது பிறகுதான் புரிந்தது. உலோகம் வெயிலில் நீளும். ஆனால் எல்லா உலோகமும் ஒரே அளவு நீளாது. ஒரு மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும், அதன் கீழே இருக்கும் இரும்புத் தகடு அதில் பாதிதான் நீளும். காலையில் 28 டிகிரியில் நிழலில் நின்ற வண்டி, பகலில் கோட்டை எதிரே வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றால், கை வைக்க முடியாத சூட்டுக்குத் தகடு போய்விடுகிறது. தினம் ஒரு முறை பட்டை ஒரு பக்கம் இழுக்க, தகடு மறு பக்கம் இருக்க, நடுவில் மாட்டிய பசை எத்தனை நாள்தான் தாங்கும்? வேலூரை வெயிலூர் என்று கேலி செய்பவர்கள் பட்டையை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெயரை வைத்திருப்பார்களோ என்று அன்று தோன்றியது. நல்ல தரமான டேப்பாக இருந்து, மெழுகு பாலிஷைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒட்டியிருந்தால் இன்னும் சில காலம் நின்றிருக்கலாம். ஆனாலும் கிளிப் போட்டு மாட்டியதுதான் இந்த வண்டிக்கு முறை.

அதனால் இந்த முறை கிளிப்போடு வரும் எவர்சில்வர் செட் தேடிச் சென்னை ஜி.பி. ரோடு வரை போனேன். கடைக்காரர் பட்டையின் மேல் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பாத்தீங்களா, அசல் எஸ்.எஸ்." என்றார், எவர்சில்வரைத்தான் அப்படிச் சொல்கிறார். இந்தக் காந்தச் சோதனையை நம்பி வாங்குபவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். காந்தம் ஒட்டாததால் அது க்ரோம் பூசிய இரும்பு அல்ல என்பது மட்டும்தான் தெரியும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகமும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 ரகமும் ஒட்டாது. துருவைத் தாங்குவதில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. இன்னொரு பக்கம், உலகெங்கும் கார்களின் அலங்காரப் பட்டைகளுக்குப் பரவலாகப் பயன்படும் 430 ரகம் நிக்கல் இல்லாதது, காந்தம் ஒட்டும், ஆனாலும் அது முறையான எவர்சில்வர்தான். ஆகவே காந்தம் ஒட்டுகிறது என்பதற்காகப் பழைய அசல் பட்டை ஒன்றை யாரும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. நான் வாங்கியது எந்த ரகம் என்று பில்லில் எழுதித் தரக் கேட்டேன், எழுதித் தரவில்லை. அதை அப்போதே ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டில் கூடத்துத் தரையில் பரப்பி அளந்தேன். ஒரு பக்கத்துக்கு முன் மட்கார்டு, முன்கதவு, பின்கதவு, பின் மட்கார்டு என்று நான்கு துண்டு, ஆக மொத்தம் எட்டு. மடிப்பு சீராக இருந்தது, மேல்பரப்பின் பஃபிங், அதாவது மெருகு, உண்மையிலேயே நன்றாக இருந்தது, முனைகளை மழுக்கி மடக்கியிருந்தார்கள், கையைக் கிழிக்கவில்லை. இந்த மூன்றுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் இடது பின் மட்கார்டுத் துண்டு, வலதை விட 12 மில்லிமீட்டர் குட்டை. கிளிப்புகள் முப்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தாறு. அந்த இருபத்தாறிலும் ஸ்பிரிங் தன்மை இல்லாத, விரலால் நெரித்தால் நெரித்தபடியே நிற்கும் மெல்லிய தகட்டுக் கிளிப் ஒன்பது. கிளிப் என்பது பட்டையின் உள்மடிப்புக்குள் நுழைந்து, தன் சொந்த விறைப்பால் பிடித்துக்கொண்டு, பின்புறம் திருகாணி வழியாகத் தகட்டில் நிற்க வேண்டிய பொருள். அது தளர்ந்தால் மேலே இருக்கும் பட்டை வெள்ளியாக இருந்தும் பயனில்லை. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது கிளிப்புகளைக் கூரியரில் அனுப்பிவிட்டார்கள்; குட்டைத் துண்டுக்கு மாற்று "அடுத்த லாட்ல வரும் சார்" என்றார்கள்.

பட்டறையைப் பற்றிச் சொல்கிறேன். அதை நடத்தும் பாய், அறுபதைத் தாண்டியவர். அம்பாசடரும் ஃபியட்டுமே பெரும்பாலும் சாலையில் ஓடிய காலத்தில் டிங்கரிங் பழகியவர். நான் செட்டை எடுத்து வைத்ததும் அவர் அதைத் தொடவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கதவையும் பாதி திறந்து, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"வண்டி நேராத்தான் கீது சார், கதவுதான் தொங்குது. இப்ப பட்டை போட்டா படிக்கட்டு மாதிரி தெரியும்" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். வலது முன்கதவின் கீலில் இருக்கும் ஆணி (பின்) தேய்ந்து, கதவின் பின்முனை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பட்டை இல்லாத வரை அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான்கு துண்டுகளும் ஒரே கோடாக ஓட வேண்டிய பட்டை ஒன்று மேலே வந்துவிட்டால், அந்த 3 மில்லிமீட்டர் தெருக்கோடியிலிருந்தே தெரியும். முதல் நாள் முற்பகல் முழுவதும் கீல் வேலையிலேயே போயிற்று: கதவின் அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கி, பின்னைத் தட்டி எடுத்து, புதுப் பின் போட்டு, கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக வரும்வரை மூன்று முறை இறுக்கித் தளர்த்தினார். பீடிங் மாட்டக் கூலி கேட்கும்போது இந்த வேலை சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் வாங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த இரண்டு நாளிலும் மிகவும் பிடித்த பகுதி. புதிய ஓட்டை எங்கே போடுவது என்று நான் அளவு நாடாவை எடுத்தேன். அவர் கதவின் உள்பலகையைக் கழற்றச் சொன்னார். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன் கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றிவிடச் சொன்னார், ஏனென்றால் இறக்கிய கண்ணாடி கதவுக்குள்ளே தகட்டுக்கு ஒட்டினாற்போல் நிற்கும், டிரில் முனை கொஞ்சம் வழுக்கினால் அதன் மேல்தான் பாயும். பலகையை எடுத்து, அதன் பின்னால் இருந்த பாலிதீன் தாளை விலக்கி, கடைப் பையனை டார்ச் அடிக்கச் சொல்லி, உள்ளே கையை விட்டுத் தடவினார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். வெளியே கண்ணாடி போல வழவழப்பாக இருந்த அதே தகட்டின் உள்பக்கத்தில், பொட்டு வைத்தது போல, வரிசையாக நான்கு மஞ்சள் புள்ளிகள். பழைய ஓட்டைகளின் வழியே உள்ளே பிதுங்கி உறைந்த பட்டி அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பம்பாய்த் தொழிற்சாலையில் போட்ட கோடு அங்கேயேதான் இருந்தது. நாம் நாடாவால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்தப் புள்ளிகளை அவர் மெஷினால் துளைக்கவில்லை. டிரில் முனையை மட்டும் கழற்றி, துணி சுற்றிக் கையாலேயே திருகித் திருகிப் பட்டியை உதிர்த்தார். மெஷின் வைத்தால் ஓட்டை பெரிதாகும், சுற்றியுள்ள பெயின்ட் பெயர்ந்து வரும் என்றார். எட்டுத் தகட்டிலும் இப்படியே கண்டெடுத்ததில், இடது முன் மட்கார்டில் மட்டும் ஒரு புள்ளியும் இல்லை. அது எப்போதோ மாற்றப்பட்ட தகடு என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அங்கே மட்டும் பக்கத்துக் கதவின் ஓட்டைகளிலிருந்து நூல் பிடித்து, காகித டேப் ஒட்டி, பஞ்ச் உளியால் குறி தட்டி, முதலில் 3 மில்லிமீட்டர், பிறகு 5 மில்லிமீட்டர் என்று துளைத்தார். அளவைத் தரையிலிருந்து எடுக்கவில்லை, தகட்டின் மடிப்பிலிருந்து எடுத்தார். பட்டறைத் தரை சமமாக இருக்கும் என்றோ, நான்கு டயரிலும் ஒரே காற்று இருக்கும் என்றோ நம்ப முடியாது அல்லவா?

துருவைப் பற்றி என் பயம் அதிகம். ஓட்டை என்றாலே அதன் விளிம்பில் பெயின்ட் இல்லாத பச்சை இரும்பு இருக்கிறது, கதவுக்குள் மழைநீர் எப்போதும் கண்ணாடி வழியே இறங்கிக்கொண்டிருக்கிறது. இடது பின்கதவில் ஒரு பழைய ஓட்டை, எட்டணாக் காசு அளவுக்கு அரித்துப் போயிருந்தது. வெல்டிங் வைத்தால் வெளிப் பெயின்ட் கருகும் என்பதால், உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, உள்பக்கம் அகலமான வாஷர் வைத்துச் சமாளித்தார். எல்லா ஓட்டைகளின் விளிம்பிலும் சிறு தூரிகையால் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சை இரண்டு கோட் தடவி, இரவு முழுவதும் காயவிட்டு, மறுநாள்தான் கிளிப் போட்டார். அடைப்புக்குச் சிலிக்கோன் பசை வாங்கிவர நான் போனபோது, காடி போலப் புளிப்பு நெடி வீசும் மலிவான ரகத்தை வாங்கிவிட்டேன். அந்த நெடியே அசிட்டிக் அமிலம். காயும்போது அது பச்சை இரும்பை அரிக்கும். பாய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது பாத்ரூமுக்கு சார்." நெடியில்லாத நியூட்ரல் வகை வாங்கிவரத் திரும்ப நடந்தேன்.

மாட்டும்போது அவர் செய்த ஒரு காரியத்தை யாரும் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பட்டையிலும் நடுக் கிளிப்பை மட்டும் நன்றாக இறுக்கி, ஓரக் கிளிப்புகளைப் பட்டை சற்றே நழுவும் அளவுக்கு விட்டார். எவர்சில்வர், அலுமினியம் அளவுக்கு நீளாது என்றாலும், இரும்பை விடக் கொஞ்சம் அதிகம் நீளும். அந்த நீட்சிக்கு இரண்டு பக்கமும் வழி வேண்டும். கதவுப் பட்டையின் முன்முனையைக் கதவின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வைத்ததும் அப்படித்தான். விளிம்பு வரை கொண்டு வந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கதவைத் திறக்கும்போது அந்த முனை மட்கார்டின் பெயின்டைக் கொத்தும். எல்லாம் முடிந்ததும் சாலையின் எதிர்ப்புறம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒரு பேருந்து குறுக்கே நின்று போகும் வரை காத்திருந்து மறுபடியும் பார்த்தார். பின்கதவுப் பட்டையை ஒரு மயிரிழை உயர்த்தச் சொன்னார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உயர்த்திய பிறகு தெரிந்தது.

அந்த 12 மில்லிமீட்டர் குறையைப் பின் விளக்குப் பக்கமாகத் தள்ளிவிட்டார்கள். முன்பக்கம் விட்டிருந்தால் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பல் விழுந்தது போல இருந்திருக்கும்.

முன் கண்ணாடி ரப்பரின் மினுக்குப் பட்டை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செட்டில் வந்தது உலோகம் அல்ல, மேலே பளபளப்புத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக். ரப்பரின் நடுப் பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, வளையம் வைத்த கைக் கருவியால் பள்ளத்தை விரித்துக்கொண்டே செருகுவது அரை மணி நேர வேலை. எண்ணெயோ கிரீஸோ தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும் என்பதால் சோப்புத் தண்ணீர்தான் சரி. ஏழு மாதத்தில், வெயில் அதிகம் படும் மேல் விளிம்பில், பளபளப்பு ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டது. இதை மட்டும் தனியாக விற்றால் வாங்காதீர்கள். டிக்கியின் பெயரெழுத்து நன்றாக வார்த்திருக்கிறார்கள். பின்புறக் குச்சிகள் என் டிக்கியின் பழைய ஓட்டைகளில் அப்படியே உட்கார்ந்தன.

பம்பருக்கு மறுபடியும் க்ரோம் போட்டுக்கொள்ளலாமா என்று உடன் வந்த நண்பர் கேட்டார். செம்பு, அதன் மேல் நிக்கல், அதன் மேல் மிக மெல்லிய குரோமியம் என்று மூன்று அடுக்கு ஏற்ற வேண்டிய வேலை அது. அடியில் உள்ள இரும்பை ஒழுங்காகத் தேய்க்காமல் மேலே முலாம் போட்டால் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். ராணிப்பேட்டைக்காரர்களிடம் குரோமியம் என்று சொன்னால் பம்பர் நினைவுக்கு வராது, குரோமியக் கழிவால் கெட்டுப்போன கிணறுதான் நினைவுக்கு வரும். முலாம் பூசும் தொட்டிக் கழிவை எங்கே விடுகிறார்கள் என்று கேட்டு, நேரான பதில் சொல்லும் இடம் கிடைத்தால்தான் கொடுப்பது என்று தள்ளி வைத்திருக்கிறேன். சக்கரத்தில் மாட்டும் வளையமும் வாங்கவில்லை. இன்னும் சில ஆண்டுகளில் வண்டிக்கு 50 வயது ஆகும். 2021-இல் வந்த விதிகளின்படி 50 வயது கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம், அதற்கு சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் இருக்க வேண்டும். பக்கப் பட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லைதான். ஆனாலும் தொழிற்சாலை வைக்காத எதையும் இனி மேலே ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஏழு மாதத்தில் ஒரு கோடை முழுவதும், ஐப்பசி மழையில் பாதியும் போயிருக்கின்றன. பட்டை எதுவும் கழலவில்லை, கதவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் ஓட்டைகளைச் சுற்றி புதுத் துரு இல்லை. வலது பின் மட்கார்டுத் துண்டின் கீழ் மடிப்பில் தேயிலைக் கறை போல இளம்பழுப்பு படர்ந்திருக்கிறது. துடைத்தால் போகிறது, மூன்று வாரத்தில் திரும்ப வருகிறது. எனவே இது 304 ஆக இருக்காது என்றே நினைக்கிறேன். ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால் செட்டுக்கு இரண்டரை, பட்டறைக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது, கதவின் உள்பக்கப் பாலிதீன் தாளைத் திரும்ப ஒட்டாமல் விட்டதற்காக; அதைக் கண்டுபிடித்து நானே ஒட்டிக்கொண்டேன். இதே செட்டை வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே எட்டுத் துண்டையும் இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து நீளம் பாருங்கள், கிளிப் ஒன்றை எடுத்து நெரித்துவிட்டுத் திரும்ப விரிகிறதா பாருங்கள். அடுத்த லாட் இன்னும் வரவில்லை.